அரையணாப் பாட்டுப் புத்தகம் போன வழி

ஒரு முழுத் தாளின் இரண்டு புறமும் அச்சடித்து, மூன்று தடவை மடித்து, முதுகில் ஒரு தையல் போட்டு ஓரத்தை வெட்டினால் பதினாறு பக்கம் வரும். பாதித் தாள் என்றால் எட்டுப் பக்கம். அட்டை தனியாகக் கிடையாது, முதல் பக்கமே அட்டை. மேலே பிள்ளையார் சுழி, ‘கடவுள் துணை’. நடுவில் மரக்கட்டையில் செதுக்கி எடுத்த மயில்மேல் முருகன். அதற்குக் கீழே பாடியவர் பெயர், பதிப்பித்தவர் பெயர், அச்சுக்கூடம், தமிழ் வருஷம், விலை. காலணா, அரையணா, மிஞ்சினால் ஓரணா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து நூறு வருஷம் தமிழ்ச் சனங்களின் கையில் அதிகம் புழங்கிய புத்தகம் இந்த உருவத்தில்தான் இருந்தது. செட்டிநாட்டுக்கும் அது வந்தது. வந்த வழியும், இங்கிருந்து போன வழியும் எழுதிவைக்க வேண்டியவை.

பிறந்த இடத்திலிருந்து தொடங்கலாம். 1835-இல் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதுவரை பாதிரிமார்களும் கும்பினியாரும் வைத்திருந்த அச்சுப்பொறி நம்மவர் கைக்கும் தாராளமாக வந்தது. சென்னையில் பூங்காநகர்ப் பக்கம் சிறிய அச்சுக்கூடங்கள் முளைத்தன. குஜிலிக் கடைத் தெருவில் மலிவு விலைப் பாட்டுகள் விற்றதால் அவற்றுக்குக் குஜிலிப் பாட்டு என்றே பெயர் நின்றுவிட்டது. ஏட்டிலிருந்த சங்க நூல்களையும் காப்பியங்களையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் அச்சுக்குக் கொண்டுவந்த அதே காலம் இது. அவர்கள் செய்த தொண்டை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். தெருமுனையில் ஒருவர் பாடிக்காட்டி அரையணாவுக்கு விற்ற புத்தகத்தைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணோ, கடையில் கணக்கெழுதிய ஒரு பையனோ தன் காசு கொடுத்து வாங்கிய முதல் புத்தகம் அதுவாகத்தான் இருந்திருக்கும். தமிழ் வாசகர் கூட்டம் பெருகியதில் பெரும்பங்கு இந்தச் சின்னப் புத்தகங்களுக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குள் என்ன இருந்தது? கொலைச் சிந்து, புயல் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு எல்லாம் இருந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதி 2004-இல் வெளியிட்ட ‘முச்சந்தி இலக்கியம்’ அந்தப் பக்கத்தை விரிவாகச் சொல்கிறது. என் மனசு நிற்பது பக்திப் பாட்டுகளிடம். பதிகம், அந்தாதி, கும்மி, ஊஞ்சல், தாலாட்டு, காவடிச் சிந்து, வழிநடைச் சிந்து. அந்தந்த ஊர்ச் சாமியை அந்தந்த ஊர்க்காரரே பாடியவை. இலக்கிய வரலாற்றில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. யாப்பு அங்கங்கே தளரும், எதுகைக்காகச் சொல் வலிந்து வரும். ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மாரியம்மன் முன்னால் நிற்கிறவளுக்கு வாய்விட்டுச் சொல்ல ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அதை இந்த எட்டுப் பக்கம் கொடுத்தது.

சில வடிவங்கள் நடையோடு பிறந்தவை. தென்காசிச் சீமையில் ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியது காவடிச் சிந்து. அந்த மெட்டு தமிழ்நாடு முழுக்கப் பரவி, ஊருக்கொரு சிந்து கிளம்பியது. வழிநடைச் சிந்தில், கோயிலுக்குப் போகிறவன் வழியில் வரும் ஊர், குளம், சத்திரம், சோலை எல்லாவற்றையும் பக்கத்தில் நடப்பவளுக்குக் காட்டிக்கொண்டே போவான். பாட்டு ஒரு வழிகாட்டிப் புத்தகமும் ஆகிவிடும். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடக்கிறார்கள். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பல நாள் போகிற நடை அது. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, இன்றும் நடக்கிறது. கால் வலிக்கு மருந்து பாட்டுத்தான். ஒருவர் எடுத்துக்கொடுக்கக் கூட்டம் வாங்கிப் பாடும். எடுத்துக்கொடுக்கிறவர் இடுப்பிலோ பையிலோ ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். வேர்வையில் நனைந்து, மடிப்பில் கிழிந்து, விபூதி ஒட்டி அது ஊர் திரும்பும்.

இதே புத்தகம் கப்பலும் ஏறியது. கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் போன இடமெல்லாம் தண்டாயுதபாணியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-இல் கோயில் எழுந்தது. யாழ்ப்பாணத்து வண்ணை நகர் சதாசிவ பண்டிதர் பாடிய ‘சிங்கைநகர் அந்தாதி’ 1887-இல் சிங்கப்பூரிலேயே அச்சானது. அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால், 1872-இல், நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ அங்கே அச்சேறிவிட்டது. கடல் கடந்த தமிழன் முதலில் அச்சுக்குக் கொடுத்தவற்றில் இறைவனிடம் கேட்கும் பாட்டு முன்வரிசையில் இருக்கிறது. எந்தச் சமயமானாலும் அப்படித்தான்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் இந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்த இடம் பூசை மாடம், இல்லையென்றால் ஆச்சியின் பெட்டகம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டுபோகும் வீட்டில் ஆண்கள் பாதிக் காலம் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்தார்கள். வீட்டில் இருந்த பெண்களின் பகற்பொழுது இந்தப் பாட்டுகளோடு கழிந்தது. பொருளை எறிந்து பழக்கமில்லாத வீடுகள் இவை. மகளுக்குக் கொடுத்த சீரில் கரண்டி எத்தனை, கிண்ணம் எத்தனை என்பதுவரை எழுதிவைத்தவர்கள். கல்யாண அழைப்பு, வாழ்த்துமடல், கோயில் குடமுழுக்கு மலர், கடை நோட்டீஸ் எல்லாம் பெட்டிக்குள் தங்கின. காசுக்கணக்கில் ஒன்றும் பெறாத தாளுக்கும் பெட்டியில் இடம் இருந்தது.

அந்த இடம் பறிபோன வரலாறு எல்லாருக்கும் தெரியும். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு விளைநிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்து, 1938-க்குள் அது 25 பங்கு ஆனது. நான்கே வருஷத்தில் ஜப்பான் படை வந்தது. நடந்தும் கப்பலேறியும் உயிர் பிழைத்து வந்தவர்களுக்குத் திரும்பப் போக வழியில்லை. சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. ஊரில் வீடு மட்டும் மிஞ்சியது. பங்காளிகள் பத்துப் பேர் சேர்ந்து ஓடு மாற்றமுடியாத வீடு. தேக்குத் தூண் விலைக்குப் போனது, கதவு நிலை போனது, பீங்கான் போனது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் அவற்றை வரிசையாக வைத்து விற்கிறார்கள். அவற்றையெல்லாம் வாங்க ஆள் வந்தது. பெட்டியடித் தாள்களுக்கு ஆள் இல்லை. அவை எடைக்குப் போயின.

எடைக்குப் போகிறதை எடுத்துவைத்தவர் ஒருவர் இருந்தார். காரைக்குடிக்குப் பக்கத்திலேயே, அழகப்பச் செட்டியார் பிறந்த கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ரோஜா முத்தையா செட்டியார். சென்னையில் தொழில் செய்த நாளில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் ஆரம்பித்த ஆசை, 1950 வாக்கில் வாழ்நாள் வேலை ஆகிவிட்டது. நாற்பது வருஷம் சேர்த்தார். கடைசியில் ஏறக்குறைய 1,00,000 உருப்படிகள் இருந்தன.

இந்த எண்ணிக்கையைவிட அவர் எதையெல்லாம் சேர்த்தார் என்பதுதான் என்னை வணங்கவைக்கிறது. இலக்கணமும் இலக்கியமும் யாரும் சேர்ப்பார்கள். அவர் சித்த மருத்துவம், சோதிடம், சமையல், நாடகப் பாட்டு, கிராமபோன் இசைத்தட்டுப் பாட்டுப் புத்தகம், சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பு, நின்றுபோன பத்திரிகைகளின் ஒற்றை இதழ்கள் எல்லாவற்றையும் சேர்த்தார். எட்டுப் பக்க மாரியம்மன் தாலாட்டுக்கும் பெரிய புராண உரைக்கும் ஒரே மரியாதை. எழுத்தை அழகாக எழுதிப் பிழைத்தவர் என்பதால் இந்தப் பார்வை வந்ததோ என்று எனக்குத் தோன்றும். கடைப்பலகை எழுதுகிறவருக்கு எழுத்தில் பெரிது சிறிது கிடையாது. தாளைத் தின்னும் பூச்சியோடும் செட்டிநாட்டு வெக்கையோடும் அவர் தனியாகப் போராடினார். செல்வம் கொழித்த வீடு அல்ல அவருடையது. ஆய்வாளர்கள் கேட்டதைத் தேடிக் கொடுத்து அதில் வந்த வருமானத்தையும் புத்தகத்திலேயே போட்டார்.

அந்த வீட்டுக்கு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்காதது கோட்டையூரில் கிடைத்தது. 1867-இல் வந்த சட்டப்படி அச்சகத்தார் ஒவ்வொரு நூலையும் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அரசிதழில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலும் வந்தது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் புத்தகம் எங்காவது இருக்கும் என்று பொருளில்லை. பெரிய நூலகங்கள் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டன. அவை கழித்ததைக் கோட்டையூர் காத்தது.

செட்டிநாட்டின் இன்னொரு கொடையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புத்தகத்தைச் சேர்த்தவர் போலவே புத்தகத்தைப் பரப்பினவர்களும் இந்தச் சீமையிலிருந்து கிளம்பினார்கள். இராயவரத்துச் சக்தி வை. கோவிந்தன், தேவகோட்டை முல்லை முத்தையா, வானதி திருநாவுக்கரசு, தமிழ்ப்பண்ணை சின்ன அண்ணாமலை. கோவிந்தன் 1957-இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு விற்றார். வட்டிக்கடைக் கணக்கு பழகிய கை, கவிதையைக் குறைந்த விலையில் நிறையப் பேருக்குக் கொண்டுசேர்க்கும் கணக்கையும் போட்டது. காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917-இல் தொடங்கி, 1919-இல் பாரதியாரையே வரவழைத்தது. சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கி, கம்பன் திருநாளை நாட்டரசன்கோட்டைச் சமாதிவரை கொண்டுபோனார். பக்தியும் கவிதையும் இந்த மண்ணில் பிரிந்து நின்றதில்லை. ரோஜா முத்தையாவைத் தனி மனிதரின் விந்தையாகப் பார்க்கக்கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணம் பொதுநூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. நான்கு வருஷம் கழித்து, 1985 மே 30, சென்னை மூர் மார்க்கெட் எரிந்தது. கோட்டையூர்ச் சேகரிப்புக்கு முதல் விதை போட்ட அந்தப் பழைய புத்தகக் கடைகள் சாம்பலாயின. அந்த இரண்டு தீயும் எரிந்த காலத்தில், கோட்டையூரில் ஒரு வீட்டு அறைகளில், காவலும் காப்பீடும் பெரிய கட்டடமும் இல்லாமல், 1,00,000 உருப்படி அடுக்கி இருந்தது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஒரு விளக்கு சாய்ந்திருந்தால் போதும்.

1992-இல் ரோஜா முத்தையா காலமானார். சேகரித்தவர் போனால் சேகரிப்பு சிதறும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். இந்த முறை சிலர் முந்திக்கொண்டார்கள். அம்பை என்ற பெயரில் கதை எழுதும் சி. எஸ். லக்ஷ்மியும், சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ. கே. ராமானுஜனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் காதில் போட்டார்கள். ராமானுஜன் அங்கே பேராசிரியர். 1993 ஜூலையில் அவரும் இறந்துபோனார். 1994-இல் பல்கலைக்கழகம் குடும்பத்தாரிடமிருந்து முழுச் சேகரிப்பையும் விலைக்கு வாங்கியது. தன் முயற்சி கைகூடியதைப் பார்க்க ராமானுஜன் இல்லை.

பணம் கொடுத்தவர்கள் பெட்டியைக் கட்டிக் கப்பலில் ஏற்றியிருக்கலாம். எத்தனையோ ஏடுகளும் சிலைகளும் அப்படித்தான் போயின. சிகாகோக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. மூலம் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், பக்கங்களைப் படமெடுத்த படச்சுருள் (மைக்ரோஃபிலிம்) மட்டும் எங்களுக்கு வரட்டும் என்றார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரியதாகப் படும் முடிவு அது. மொழி அறக்கட்டளை பொறுப்பெடுத்துக்கொள்ள, கோட்டையூரிலிருந்து கட்டுக்கட்டாகப் புத்தகங்கள் சென்னை முகப்பேருக்குப் போயின. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று சேகரித்தவர் பெயரே நிலைத்தது.

முகப்பேரில் நடந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1870-களுக்குப் பிறகு மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. மை கசியாமல் இருக்கப் படிகாரம் சேர்த்தார்கள். நாளடைவில் அதுவே அமிலமாகித் தாளை உள்ளிருந்து அரிக்கும். பழுப்பேறி, மடித்தால் அப்பளமாக உடையும். முந்நூறு வருஷத்துப் பனையோலை நிற்கும்போது எண்பது வருஷத்து அச்சுப் புத்தகம் கையில் பொடியாவது இதனால்தான். விலை குறைந்த புத்தகத்துக்கு ஆயுளும் குறைவு. அதனால் அரையணாப் புத்தகங்கள்தாம் முதலில் சாகும். அவற்றைத் தூசி தட்டி, பூச்சி போக்கி, பக்கம் பக்கமாகப் படச்சுருளில் எடுத்தார்கள். நல்ல குளிரறையில் வைத்தால் அந்தச் சுருள் 500 வருஷம் நிற்கும் என்று கணக்கு.

அட்டவணை போடுவது அதைவிடச் சிரமம். நூறு பேர் மாரியம்மன் பேரில் ஒரே தலைப்பில் பாடியிருப்பார்கள். பாடியவர் பெயர் இருக்காது, இருந்தால் ஊர் இருக்காது. வருஷம் ‘விக்ருதி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 1890-ஆகவும் இருக்கலாம், 1950-ஆகவும் இருக்கலாம். தாளைத் தொட்டு, அச்செழுத்தின் வடிவைப் பார்த்து, விலை அணாவிலா, அச்சகம் எந்தத் தெருவில் என்று கவனித்து முடிவு செய்ய வேண்டும். பெரும் புலவர்களின் ஏட்டுக்கு உ. வே. சா. செலவழித்த பொறுமையை, பெயர் தெரியாத பாட்டுக்காரனின் எட்டுப் பக்கத்துக்கு இங்கே யாரோ செலவழித்தார்கள். அவர்கள் பெயரும் வெளியே தெரியாது.

பிறகு நூலகம் தரமணிக்கு இடம் மாறியது. சு. தியடோர் பாஸ்கரன் 1998 முதல் 2001 வரை இயக்குநராக இருந்தார். தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாட்டுப் புத்தகங்களைத் தேடிக்கொண்டு அங்கே போனார்கள். பெண்கள் வரலாறு எழுதுகிறவர்கள், மருத்துவ வரலாறு, இசை வரலாறு எழுதுகிறவர்கள், நாவலுக்குக் காலச் சூழல் தேடுகிறவர்கள் எல்லாரும் போனார்கள். வேறு தனியார் சேகரிப்புகள் வந்து சேர்ந்தன. ஐராவதம் மகாதேவனின் சிந்துவெளி ஆய்வு மையம் 2007-இல் அந்தக் கூரையின் கீழ் அமைந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டமும் உதவியது. படச்சுருளிலிருந்து கணினிப் படத்துக்கு வேலை நகர்ந்தது.

பெரிய ஆய்வாளர்களுக்கு மட்டும் அந்த வாசல் என்று எண்ணிவிடக்கூடாது. உங்கள் குலதெய்வத்தின் பேரில் தாத்தா காலத்தில் அச்சான பதிகம் வேண்டுமா, போய்க் கேட்கலாம். வீட்டிலிருந்தே தேட நினைப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, பழைய சின்னப் புத்தகங்கள் பக்கப் படங்களாகவே கிடைக்கும். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம். பாட்டு எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிந்தின் ஓசையைப் பிடிக்க யாப்பிலக்கணப் புத்தகத்தைவிட இந்தப் பழைய எட்டுப் பக்கங்கள் நல்ல வாத்தியார். நாலைந்தை வாய்விட்டுப் பாடினால் சீர் எங்கே நீள்கிறது, எங்கே முடுகுகிறது என்று காதுக்குப் பிடிபடும்.

கோட்டையூரிலேயே இது நிலைத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆயிரம் சன்னல் வீடு கட்டிய ஊர்கள், கோயில் கோயிலாகத் திருப்பணி செய்த கைகள், கல்லூரி கட்டிய அழகப்பர் பிறந்த மண். தாளுக்கு ஒரு குளிரறை கட்ட நமக்கு வேளை வரவில்லை. அதே சமயம், சென்னைக்குப் போயிராவிட்டால் இந்நேரம் எத்தனை பொடியாகியிருக்கும் என்பதையும் நினைக்கிறேன். போனது நல்லதற்கே. இங்கே ஒரு கிளை, படப் பிரதிகளோடு ஒரு வாசக அறை, இனிமேலும் வரலாம். அதற்குப் பெரிய மாளிகை வேண்டாம். பூட்டிக்கிடக்கும் வீடுகளில் ஒரு முகப்பு போதும்.

ஏனென்றால் இந்தப் புத்தகம் செட்டிநாட்டில் இன்னும் பிறந்துகொண்டுதான் இருக்கிறது. சாந்திக் கல்யாணம், எண்பதாம் கல்யாணம், புதுமனை புகுவிழா என்றால் வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு பாட்டுப் புத்தகம் கொடுக்கிற வழக்கம் நகரத்தார் வீடுகளில் இருக்கிறது. தேவாரம், திருப்புகழ், விநாயகர் அகவல், கூடவே அந்த வீட்டு அப்பத்தா பாடிய ஒரு கும்மி, கோயில் பேரில் அத்தை எழுதிய நாலு விருத்தம். விலை போட்டிருக்காது, வெளியீட்டு எண் இருக்காது, கடைக்கு வராது. எந்த நூலகத்தின் கொள்முதல் பட்டியலிலும் ஏறாது. அந்த அப்பத்தாவின் கும்மி வேறெங்கும் அச்சாகியிருக்காது. அச்சுக்குக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் பாடியவர் பெயரும் ஊரும், தமிழ் வருஷத்தோடு ஆங்கில வருஷமும் போடுங்கள். விழா முடிந்து மிஞ்சும் கட்டில் இரண்டு பிரதியைத் தரமணிக்குத் தபாலில் அனுப்பி, இன்னும் இரண்டை உங்கள் ஊர் நூலகரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.